மலிவு மதர்போர்டும் மூன்று வருட வாக்குறுதியும்

சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் தேடி வருகிறவர்கள் கூடிய இடம். இன்று அங்கே கம்ப்யூட்டர் சாமான் வாங்க வருகிறவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்தத் தெருவில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் சிறிது நேரத்தில் ஒரு கேள்வி காதில் விழும்: “இதிலே எது சார் நல்ல கம்பெனி?”

கேட்கிறவர் பெரிய பணக்காரர் அல்ல. விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் டைப் அடிப்பது, படம் அச்சடிப்பது, பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். அது பழசாகிவிட்டது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் செலவு குறையும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறார்.

பிராசஸர் வாங்குவதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மெமரியிலும் இல்லை. அவற்றுக்கெல்லாம் எண் இருக்கிறது. எண்ணைப் பார்த்து எடுத்துவிடலாம். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையிடம் வரும்போதுதான் மனிதர் திணறிப் போகிறார். ஒன்றின் விலை இன்னொன்றின் விலையில் பாதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிராசஸர் செருகும் இடம், மெமரி செருகும் இடம், பின்பக்கத் துளைகள் எல்லாம் அப்படியே. பிறகு எதற்கு அதிக விலை?

“எல்லாத்துக்கும் மூணு வருஷம் வாரண்டி சார். கவலைப்படாம எடுத்துட்டுப் போங்க!” என்கிறார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வருட வாக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதுவரை நிற்பார்கள் என்பது வேறு விஷயம். மலிவுப் பலகை வாங்குகிறவர் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

மிச்சம் பிடிப்பது எங்கே?

கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து அழுத்திய தகடுதான் மதர்போர்டு. அதன் மேலும் உள்ளும் அடுக்கடுக்காகச் செம்புப் பாதைகள் ஓடுகின்றன. அதில் உள்ள முக்கியமான சில்லை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கம்பெனி கொடுக்கிறது. ஒரே ரகத்தைச் சேர்ந்த மலிவுப் பலகையிலும் விலை கூடிய பலகையிலும் இருப்பது அதே சில்லுதான். அதில் யாரும் மிச்சம் பிடிக்க முடியாது.

அப்படியானால் விலை குறைவது எங்கே? மின்சாரம் ஓடும் பாதையில்!

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை 12 வோல்ட் கொடுக்கிறது. பிராசஸருக்கோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு வோல்ட்டில் பத்துக் கணக்கான ஆம்பியர், பெரிய பிராசஸரானால் நூறு ஆம்பியருக்கு மேலும், கேட்கும். 12 வோல்ட்டைக் குறைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக ஊட்டுவது மதர்போர்டின் வேலை. பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சில்லுகளும் சுருள்களும் டப்பிகளும் அதற்காகத்தான் இருக்கின்றன.

அந்த டப்பிகளுக்குக் கெபாசிட்டர் என்று பெயர். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ‘கண்டென்ஸர்’ என்று சொன்னது இதைத்தான். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி போன்றது இது. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டி இருந்தால் வீட்டுக் குழாயில் சீராக வருமல்லவா? அதே வேலையைத்தான் கெபாசிட்டர் மின்சாரத்துக்குச் செய்கிறது.

மலிவுப் பலகையில் இந்தத் தொட்டிகள் எண்ணிக்கையில் குறையும், தரத்திலும் குறையலாம். செம்பு அடுக்கு ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருக்கும். சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினியக் கட்டி இராது. இதெல்லாம் வாங்கிய அன்று தெரியாது. இரண்டாவது கோடையில் தெரியும்!

வீங்கிய டப்பிகள்

இந்தச் சின்ன டப்பி உலகத்தையே ஓர் ஆட்டு ஆட்டிய கதை ஒன்று உண்டு.

2002-ம் வருடவாக்கில் பல தேசங்களில் மதர்போர்டுகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிடும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். தட்டையாக இருக்க வேண்டிய கெபாசிட்டர் தலைகள் பூரி போல உப்பியிருந்தன. சிலவற்றின் மண்டை பிளந்து, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது.

அந்த டப்பிக்குள் இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே ஒரு காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். காகிதம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். அந்தத் திரவத்தில் தண்ணீரைக் கூட்டினால் மின்சாரம் தடையில்லாமல் ஓடும்; செலவும் குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சரியான அளவில் சேர்த்தால்தான் ஆபத்தில்லை. அது சேராத திரவத்தில் ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. மூடிய டப்பிக்குள் வாயு சேர்ந்தால் என்ன ஆகும்? டப்பி வீங்கும், பிறகு வெடிக்கும். வருடக் கணக்கில் உழைக்க வேண்டிய பொருள் சில மாதங்களிலேயே கைவிரித்தது இப்படித்தான்.

கெட்டுப்போன கெபாசிட்டர்களில் பெரும்பகுதி தைவானில் தயாரானவை. ஜப்பானியக் கம்பெனி ஒன்றிலிருந்து திரவத்தின் சூத்திரம் திருடப்பட்டது, திருடியவர்களுக்கு முழுச் சூத்திரம் கிடைக்கவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2003-ல் அமெரிக்காவின் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற பொறியியல் இதழும் இதைப் பற்றி எழுதியது. திருட்டுக் கதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆனதாகத் தெரியவில்லை. ஆனால் திரவம் கெட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலிவுப் பலகை விற்றவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் பிரியர்கள் கொண்டாடிய ஏபிட் கம்பெனியின் பலகைகளிலும் அதே டப்பி இருந்தது. ஐ.பி.எம். போன்ற பெரிய கம்பெனிகளின் பெட்டிகளிலும் இருந்தது. பெயர் வேறு, பெட்டி வேறு, உள்ளே இருந்த இரண்டணாச் சரக்கு ஒன்றுதான்!

கணக்குப் போட்டதால் கெட்டதாம்!

இந்த ஆபத்து வந்தபோது எந்தக் கம்பெனி எப்படி நடந்துகொண்டது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அமெரிக்காவின் டெல் கம்பெனி 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஏராளமானவை கெபாசிட்டர் கோளாறால் கெட்டன. இந்த முறை டப்பியைச் செய்தது மலிவுக் கம்பெனி அல்ல. ஜப்பானில் நல்ல பெயர் வாங்கிய நிச்சிகான். டெல் மீது 2007-ல் ஒரு வாடிக்கைக் கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. 2010-ல் அந்த வழக்கின் தஸ்தாவேஜுகள் வெளியாயின. அபாயத்துக்கு உள்ளான கம்ப்யூட்டர்கள் 1 கோடியே 18 லட்சம் என்று அவற்றிலிருந்து தெரிந்தது. வாடிக்கைக்காரர் கேட்காமல் இந்தக் கோளாறைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டாம் என்று ஊழியர்களுக்குக் குறிப்பு போயிருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. டெக்சாஸ் சர்வகலாசாலையின் கணிதப் பிரிவில் இந்தக் கம்ப்யூட்டர்கள் கெட்டபோது, கம்பெனி சொன்ன காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டார்களாம்! கணக்குப் போடுவதற்காகவே பிறந்த யந்திரம் கணக்குப் போட்டதால் கெட்டது என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே டெல் கம்பெனி 2005-ல் ரிப்பேருக்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் 30 கோடி டாலரை ஒதுக்கியது. உத்தரவாதக் காலத்தையும் நீட்டியது. பணம் இருந்த கம்பெனி, தாமதித்தாவது கொடுத்தது. கையில் பணம் இல்லாத கம்பெனி என்ன செய்யும்? அந்த ஏபிட் கம்பெனி 2008 முடிவோடு மதர்போர்டு வியாபாரத்தையே நிறுத்திவிட்டது.

பெயர் நிலையல்ல

“இது நல்ல கம்பெனி, அது மட்டமான கம்பெனி” என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில் பயன் இல்லை. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆஸ்ராக் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தைவானின் ஆசுஸ் கம்பெனியிலிருந்து 2002-ல் பிரிந்து வந்தது அது. சகாய விலைப் பலகை விற்பதற்காகவே பிறந்தது. இன்று அதே பெயரில் விலை கூடிய பலகைகளும் வருகின்றன. இன்டெல் கம்பெனியோ தன் பெயரிலேயே மதர்போர்டு செய்து விற்றது. நம்பி வாங்கியவர்கள் அநேகர். 2013-ல் அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக அதுவே அறிவித்துவிட்டது.

கெபாசிட்டர் விஷயத்திலும் காலம் மாறிவிட்டது. 2006, 2007-க்குப் பிறகு மதர்போர்டு தயாரிப்பாளர்கள் படிப்படியாகத் திரவ டப்பியை விட்டு, திரவமே இல்லாத திடக் கெபாசிட்டருக்கு மாறினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமல்ல. 105 டிகிரிச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் திரவக் கெபாசிட்டர், சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் இரண்டு மடங்கு உழைக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். அதாவது இடைவிடாமல் ஓடினால் மூன்று வருடம் எட்டு மாதம். திடக் கெபாசிட்டருக்கோ ஒவ்வொரு 20 டிகிரிக்கும் பத்து மடங்கு. அதே 65 டிகிரியில் 2 லட்சம் மணி நேரம். கணக்குப்படி 22 வருடத்துக்கு மேல்!

ஆகவே இன்றைய மலிவுப் பலகை அன்றைய மலிவுப் பலகையைவிட எவ்வளவோ மேல். இன்று அது கெடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. சின்னப் பலகையில் பெரிய பிராசஸரைப் பொருத்துவது ஒன்று. மின்பாதைச் சில்லுகள் கொதிக்கும். பெயர் தெரியாத பவர் சப்ளையை மாட்டுவது ஒன்று. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தால் யானை யாருடைய பேச்சைக் கேட்கும்? தூசியும் ஈரமும், கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் மற்றொன்று.

இது ஒருபுறமிருக்க, புதிய பலகை என்று பழைய சில்லைத் தலையில் கட்டுகிற வியாபாரமும் நடக்கிறது. இன்டெல்லின் எச்61 என்ற சில்லு 2011-ல் வந்தது. அந்த ரகப் பலகைகள் பல வருடங்கள் கழித்தும் புதுப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. பழைய சர்வர்களிலும் பலகைகளிலும் இருந்து பெயர்த்தெடுத்த சில்லுகளைப் புதுத் தகட்டில் பொருத்தும் சிறு தயாரிப்பாளர்கள் சீனாவில் உண்டு. தெரிந்து வாங்கினால் தவறில்லை. தெரியாமல் வாங்கினால், கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்.

சின்ன எழுத்தில் இருப்பது

இனி உத்தரவாதச் சீட்டுக்கு வருவோம். இந்தியாவில் பெயர் பெற்ற கம்பெனிகளின் மதர்போர்டுகளுக்குப் பொதுவாக மூன்று வருடம். உள்ளூர்ப் பெயர் ஒட்டிய பலகைகளுக்குப் பல சமயம் ஒரு வருடம்தான்.

சீட்டில் பெரிய எழுத்தில் வருடம் இருக்கும். மற்றது எல்லாம் சின்ன எழுத்தில். தானாகக் கெட்டால் மாற்றித் தருவார்கள். உடைந்தால், கருகினால், துருப்பிடித்தால் இல்லை. பிராசஸர் உட்காரும் பள்ளத்தில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசி வளைந்தது வாங்குவதற்கு முன்பா, பின்பா என்பதை நிரூபிப்பது யார்? மாற்றுப் பலகை கிடைத்தாலும் அது புதியதாகத்தான் இருக்கும் என்பதும் நிச்சயமல்ல. ரிப்பேர் பார்த்த பலகையாக இருக்கலாம். அதற்கு மீதிக் காலத்துக்குத்தான் உத்தரவாதம்.

‘இந்தச் சீட்டைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 1975-ம் வருடத்திலேயே சட்டம் உண்டு. ஸ்டிக்கர் கிழிந்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பதை அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் ஒப்புக்கொள்வதில்லை. 2018-ல் ஆசுஸ், சோனி உள்ளிட்ட 6 கம்பெனிகளுக்கு அது எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024 ஜூலையில் ஆஸ்ராக், கிகாபைட், ஜோடாக் ஆகிய கம்பெனிகளுக்கும் கடிதம் போயிற்று. மூன்றும் மதர்போர்டோ அதனோடு சேர்ந்த அட்டையோ விற்கிற கம்பெனிகள்.

ஜனங்கள் குரல் கொடுத்தால் கம்பெனி இறங்கி வரும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் புது ரகப் பிராசஸர்கள் சில, மதர்போர்டிலேயே கருகின. ஒரு பகுதிக்கு வேண்டியதற்கு மேல் வோல்ட் போனதுதான் காரணம். அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஏ.எம்.டி. கட்டுப்படுத்தியது. ஆசுஸ் கம்பெனி அதற்கென வெளியிட்ட சோதனை மென்பொருளோடு, இதைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போகும் என்ற எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு, குடித்தால் பொறுப்பல்ல என்பதுபோல! வாடிக்கைக்காரர்கள் கொதித்தார்கள். மே மாதத்திலேயே கம்பெனி இறங்கி வந்து, சோதனை மென்பொருளைப் போட்டாலும் உத்தரவாதம் செல்லும் என்று அறிவித்தது.

இந்தியாவிலும் வாங்குகிறவர் நாதியற்றவர் அல்ல. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி, தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் சேரமாட்டார். ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியவர் சேருவார். நமது ஜெராக்ஸ் கடைக்காரர் பயப்பட வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாலே பல விஷயங்கள் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒன்றே ஒன்று: ரசீது. “பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்” என்று கடையில் சொன்னால், குறைவது விலை மட்டும் அல்ல. உத்தரவாதமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

ரிச்சி தெருவில் நிற்கும் மனிதருக்கு இப்போது என்ன சொல்லலாம்? “எது நல்ல கம்பெனி?” என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இன்னும் நாலு கேள்வி கேட்கட்டும்.

கெட்டுப்போனால் பலகையை எங்கே கொடுப்பது? கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இந்த ஊரில் இருக்கிறதா, அல்லது கடை மூலமாக விநியோகஸ்தருக்குப் போய், அங்கிருந்து வேறு ஊருக்குப் போகிறதா? திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் பலகையில் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா?

வாங்கிய கையோடு, கடையிலேயே பெட்டியைத் திறந்து ஊசிப் பள்ளத்தைப் பார்த்துவிட வேண்டும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடக் கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது அது இல்லாமல் பலகையை வாங்கமாட்டார்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில ரசீதுகளின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கி மறைந்துவிடுகிறது. உத்தரவாதமோ மூன்று வருடம்!

பெரிய பிராசஸர் வாங்கப் பணம் இருந்தால், அதில் ஒரு படி இறங்கி, மிச்சத்தை மதர்போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம். சின்ன பிராசஸர் போதும் என்றால், மலிவுப் பலகையே தாராளமாகப் போதும். டைப் அடிக்கவும் அச்சடிக்கவும் அலங்கார விளக்கு எரியும் பலகை எதற்கு?

ஜூன் மாதம் வருகிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிற கூட்டம் கடை வாசலில் நிற்கிறது. அந்தச் சமயம் பார்த்து மதர்போர்டு கண்ணை மூடிவிட்டால், உத்தரவாதப்படி காசில்லாமல் வேறு பலகை வரும். சந்தேகமில்லை. ஆனால் அது வருவதற்கு மூன்று வாரம் ஆனால், அந்த மூன்று வாரப் பிழைப்புக்கு எந்தச் சீட்டிலும் உத்தரவாதம் எழுதியிருக்காது.

மலிவாக வாங்குவது குற்றமல்ல. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வாங்குவதுதான் நஷ்டம்.